“இன்னிக்கு என்ன படிச்சே?” – “விளையாடினேன்!” பாலர் வகுப்பில் பிள்ளைக்கு நடப்பது என்ன?

கொடைக்கானல்:-

ஜூன் மாதம் பிறந்தால் போதும். மலையிலும் சரி, அடிவாரத்திலும் சரி, 3 வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் ஒரே அமளி. புதுப் பை, புது டிபன் டப்பா, புது ஸ்வெட்டர். அப்பா லீவு போட்டு விட்டு வருவார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் வருவார்.

சாயங்காலம் பிள்ளை வீடு திரும்பியதும் முதல் கேள்வி: “இன்னிக்கு என்ன படிச்சே கண்ணு?”

பதில்: “விளையாடினேன்.”

மறுநாளும் அதே பதில். ஒரு வாரம் பொறுத்துப் பார்ப்பார்கள். பிறகு அப்பாவுக்குக் கோபம் வந்துவிடும். “விளையாடறதுக்கா இவ்வளவு பணம் கட்டினோம்? எதிர்வீட்டுப் பிள்ளை ஏ, பி, சி, டி முழுசா எழுதுது. நம்ம பிள்ளை கையிலே மண்ணை ஒட்டிக்கிட்டு வருது!”

இந்தக் கோபத்தில் பள்ளியை மாற்றியவர்கள் உண்டு. வீட்டில் ஸ்கேலை எடுத்தவர்களும் உண்டு.

ஆனால் அந்தப் பிள்ளை சொன்னதுதான் சரியான பதில். அந்த வயதில் விளையாட்டுதான் படிப்பு. இதை உலகுக்கு எடுத்துச் சொன்ன ஒரு பெண்மணி, இதே கொடைக்கானல் மலையில் 2 ஆண்டுகள் இருந்து பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறார் என்பது ஏரியைச் சுற்றி வருகிற எத்தனை பேருக்குத் தெரியும்?

*இத்தாலி டாக்டரம்மா*

அவர் பெயர் மரியா மாண்டிசோரி. 1870ஆம் ஆண்டு இத்தாலியில் பிறந்தவர். அந்த நாட்டின் முதல் பெண் டாக்டர்களில் ஒருவர்.

ரோம் நகரில் சான் லாரன்சோ என்று ஒரு ஏழைத் தொழிலாளர் பகுதி. தாயும் தகப்பனும் வேலைக்குப் போன பிறகு, பள்ளி வயது வராத பிள்ளைகள் கட்டிடத்துச் சுவரையெல்லாம் கிறுக்கி நாசம் செய்தன. இவர்களை ஒரு அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கட்டிடக்காரர்கள் டாக்டரம்மாவைக் கேட்டார்கள். 1907 ஜனவரி 6ஆம் தேதி அங்கே “குழந்தைகள் இல்லம்” திறக்கப்பட்டது.

அங்கே அவர் கண்ட காட்சி அவரையே திகைக்க வைத்தது. 3 வயதுச் சிறுமி ஒருத்தி, மரக்கட்டைகளை அதனதன் குழியில் பொருத்தி, எடுத்து, மறுபடி பொருத்தி விளையாடிக் கொண்டிருந்தாள். மற்றப் பிள்ளைகளைச் சுற்றி நின்று பாடச் சொன்னார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளை நாற்காலியோடு தூக்கி வேறு இடத்தில் வைத்தார். கட்டைகளை மடியில் அள்ளிக்கொண்டு அங்கேயும் அதையே செய்தாள். 40 தடவைக்கு மேல் செய்து முடித்துவிட்டுத்தான் தூங்கி எழுந்தவள்போல் சிரித்தாள்.

“சின்னப் பிள்ளைக்குக் கவனம் நிற்காது” என்று நாம் சொல்கிறோமே, அது பாதி உண்மைதான். தனக்குப் பிடித்த வேலை கிடைத்துவிட்டால் பிள்ளையின் கவனம் பெரியவர்களைத் தோற்கடித்துவிடும்.

*கொடைக்கானலுக்கு எப்படி வந்தார்?*

1939 நவம்பரில் மாண்டிசோரி சென்னை வந்தார். அடையாறு பிரம்மஞான சபையின் தலைவர் அருண்டேலும் அவர் மனைவி ருக்மிணி தேவியும் அழைத்திருந்தார்கள். ஆசிரியர் பயிற்சி வகுப்பில் சுமார் 300 பேர் சேர்ந்தார்கள்.

1940 ஜூனில் இத்தாலி உலகப் போரில் குதித்தது. உடனே இவர் பிரிட்டிஷ் அரசுக்கு “எதிரி நாட்டுக்காரர்” ஆகிவிட்டார்! மகன் மரியோவைப் பிடித்துக் காவலில் வைத்தார்கள். அம்மா அடையாறு எல்லையைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு. ஆகஸ்டு 31ஆம் தேதி அவருக்கு 70 வயது நிறைந்தது. அந்தப் பிறந்தநாளுக்குப் பரிசாக மகனை விடுதலை செய்தார் வைஸ்ராய்.

பிறகு 1942 முதல் 1944 வரை தாயும் மகனும் தங்கியது கொடைக்கானலில். இங்கே பல வயதுப் பிள்ளைகள் கலந்து படிக்கும் ஒரு சின்னப் பள்ளி நடந்தது. இலங்கையிலிருந்து வந்த லீனா விக்ரமரத்ன என்ற ஆசிரியை உடன் இருந்து உதவினார். மலையிலே இலைக்கும் பூவுக்கும் பூச்சிக்கும் பஞ்சமா? அவையே பாடமாயின. பூமி, செடி, விலங்கு, மனிதன் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதைப் பிள்ளைக்குக் காட்டும் பாடமுறை இந்த மலையில்தான் உருவானது. இன்று உலகெங்கும் உள்ள மாண்டிசோரி பள்ளிகளில் அது நடத்தப்படுகிறது.

“கிண்டர்கார்டன்” என்ற பேரே தோட்டத்திலிருந்து வந்ததுதான். 1840இல் ஜெர்மனியில் பிரோபெல் என்பவர் வைத்த பெயர். பொருள்: “குழந்தைகள் தோட்டம்”. தோட்டத்தில் செடியை யாரும் பிடித்து இழுத்து வளர்ப்பதில்லை. தண்ணீர் ஊற்றி, ஆடு மாடு கடிக்காமல் பார்த்துக்கொள்வார்கள். கேரட்டும் பூண்டும் போடுகிற பூம்பாறை, மன்னவனூர் விவசாயிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

*முதல் வாரம் அழுகை*

சரி, பிள்ளையைச் சேர்த்தாயிற்று. இனி என்ன நடக்கும்?

முதலில் அழுகை. அதில் சந்தேகமே வேண்டாம். சில பிள்ளை முதல் நாளே அழும். சில பிள்ளை முதல் நாள் ஜம்மென்று போய், “தினமும் வரணும் போலிருக்கே” என்று தெரிந்த மூன்றாம் நாள் அழும். இரண்டும் சகஜம்தான். பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு, மூன்று வாரத்தில் பழகிவிடும்.

இதில் பெற்றோர் செய்கிற பெரிய தவறு, பிள்ளை அந்தப் பக்கம் பார்க்கும்போது நைசாக நழுவிவிடுவது. திரும்பிப் பார்த்தால் அம்மா இல்லை. மறுநாள் அது உங்கள் புடவையை விடவே விடாது.

“சாப்பிட்டுத் தூங்கி எழுந்ததும் அம்மா வந்துடுவேன்” என்று சொல்லிவிட்டு நேராகக் கிளம்புங்கள். மணி கணக்கு அதற்குத் தெரியாது. சாப்பாடும் தூக்கமும் தெரியும். சொன்ன நேரத்துக்குப் போய் நில்லுங்கள். அரை மணி நேரம் தாமதம் உங்களுக்குப் பஸ் பிரச்சினை. பிள்ளைக்கு அது உலகம் முடிந்த மாதிரி.

இன்னொன்று: “சேட்டை பண்ணினா டீச்சர்கிட்ட சொல்லிடுவேன்” என்று வீட்டில் மிரட்டாதீர்கள். பிள்ளை பள்ளிக்கூடத்தைப் போலீஸ் ஸ்டேஷன் என்று நினைத்துவிடும்.

*மணிக்கு மணி*

நல்ல பாலர் வகுப்பில் ஒரு நாள் எப்படிப் போகும்? பள்ளிக்குப் பள்ளி நேரம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். வரிசை ஏறக்குறைய இதுதான்:

வந்ததும் செருப்பைக் கழற்றி அதன் இடத்தில் வைப்பது, பையை மாட்டுவது. இதுவும் பாடம்தான். பிறகு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பாட்டு, “இன்று என்ன கிழமை, வெளியே மழையா வெயிலா மூடுபனியா” என்று பேச்சு.

அடுத்து இஷ்டப்பட்ட வேலை. கட்டை அடுக்குவது, மணி கோப்பது, பெரிய சட்டையில் பட்டன் போட்டுப் பழகுவது, ஒரு டம்ளரிலிருந்து இன்னொரு டம்ளருக்குச் சிந்தாமல் தண்ணீர் ஊற்றுவது. “இதெல்லாம் ஒரு படிப்பா?” என்று கேட்காதீர்கள். பட்டன் போடுகிற விரல்தான் நாளைக்குப் பென்சில் பிடிக்கப் போகிறது. “பெரிய கட்டை கீழே, சின்னது மேலே” என்று அடுக்குகிற பிள்ளைக்குக் கணக்கு உள்ளே நுழைந்துவிட்டது.

பிறகு கை கழுவி, ஏதாவது சாப்பிட்டு, வெளியே ஓட்டம், மணல் விளையாட்டு. திரும்பி வந்து கதை. அதே கதையை ஏழு நாளும் கேட்கும். ஏழாம் நாள் டீச்சர் ஒரு வார்த்தையை மாற்றினால் கண்டுபிடித்துவிடும்! மதியச் சாப்பாடு, சின்னத் தூக்கம், வீடு.

இந்த வயதுப் பிள்ளைக்குப் பாடத் திட்டம் 3 அல்லது 4 மணி நேரம் இருந்தால் போதும் என்கிறது 2013ஆம் ஆண்டின் தேசிய முன்பருவக் கல்விக் கொள்கை. 3 முதல் 6 வயது வரை 20 பிள்ளைக்கு ஒரு பெரியவர் இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. ஒரு அறையில் 50 பிள்ளை, ஒரே டீச்சர், கையிலே பிரம்பு என்றால் அங்கே தோட்டம் இல்லை, பட்டிதான் இருக்கிறது.

*பென்சிலுக்கு அவசரம் வேண்டாம்*

இப்போது எதிர்வீட்டுப் பிள்ளை விஷயத்துக்கு வருவோம். அது எழுதுகிறது, நம் பிள்ளை எழுதவில்லை.

நம் மணிக்கட்டில் 8 சின்ன எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை குருத்தெலும்பாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றாக எலும்பாக மாறி முடிய 10, 12 வயது ஆகிவிடும். 3 வயதில் சிலதுதான் எலும்பாகியிருக்கும். கைத் தசையும் விரலும் இன்னும் பழகவில்லை. அந்தக் கையில் பென்சிலைத் திணித்து “நாலு பக்கம் எழுது” என்றால் பிள்ளைக்கு வலிக்கும். படிப்பென்றாலே வலி என்று அதன் மனதில் பதிந்துவிடும். அந்தக் கணக்கு பிறகு பத்தாம் வகுப்பில் தெரியும்.

அப்படியானால் எழுத்தே வேண்டாமா? வேண்டும். அதற்கு வழி இருக்கிறது. சொரசொரப்பான உப்புத்தாளில் எழுத்தை வெட்டி ஒட்டி, விரலால் தடவிப் பார்க்க வைத்தார் மாண்டிசோரி. கண் பார்க்கும், காது கேட்கும், விரல் தொடும். மூன்றும் சேர்ந்து எழுத்து மனதில் தங்கும்.

நம் தாத்தாக்களுக்கு இது புதுசு இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலைப் பரப்பி விரலால்தானே “அ” போட்டார்கள்? விஜயதசமி அன்று நெல்லிலும் அரிசியிலும் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத வைக்கிறோமே, அதுவும் இதுதான். அந்த ஒரு நாளோடு அதை நிறுத்திவிட்டு மறுநாளே நோட்டும் பென்சிலும் வாங்கிக் கொடுப்பதுதான் நாம் செய்கிற கூத்து.

*அங்கன்வாடியை இளக்காரமா நினைக்காதீங்க*

“எங்களுக்கு இங்கிலீஷ் பள்ளிக்குப் பணம் கட்ட வசதியில்லே” என்று குறைப்படுகிற தாய்மார்கள் உண்டு. மலையில் காலையிலேயே பூண்டுக் காட்டுக்கும் காப்பித் தோட்டத்துக்கும் வேலைக்குப் போகிற தாய்க்குக் கைகொடுப்பது அங்கன்வாடிதான். பால்வாடி என்று பழைய பெயர் சொன்னால் எல்லோருக்கும் தெரியும்.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2ஆம் தேதி நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் தொடங்கியது. 1982 ஜூலை 1ஆம் தேதி எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம், பள்ளிப் பிள்ளைகளோடு பால்வாடிப் பிள்ளைகளுக்கும் சோறு போட்டது. தமிழ்நாட்டில் இன்று 54 ஆயிரத்துக்கு மேல் அங்கன்வாடி மையங்கள் உள்ளன.

அங்கே என்ன எதிர்பார்க்கலாம்? 2 வயது நிறைந்த பிள்ளைக்கு மதியச் சூடான சாப்பாடு, வாரம் 3 முட்டை. சத்துமாவு. மாதந்தோறும் எடை பார்த்துக் குறித்து வைப்பார்கள். அந்த அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கோடு மேலே ஏறினால் நல்லது. படுத்துவிட்டாலோ இறங்கினாலோ உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

படிப்புக்கும் “ஆடிப் பாடி விளையாடு பாப்பா” என்ற பெயரில் மாதவாரிப் பாடத்திட்டம் இருக்கிறது. பெயரிலேயே ஆட்டமும் பாட்டும்தான் முன்னால் நிற்கிறது, கவனித்தீர்களா? 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளும் தொடங்கப்பட்டன.

போர்டில் இங்கிலீஷ் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். உள்ளே போய்ப் பிள்ளைகள் முகத்தைப் பாருங்கள். சத்தமும் சிரிப்பும் இருந்தால் நல்ல பள்ளி.

*மலைக்கென்று சில*

கொடைக்கானல் 7 ஆயிரம் அடி உயரம். இங்கே பள்ளிக்கு அனுப்புவதில் சமவெளியில் இல்லாத சில விஷயங்கள் உண்டு.

குளிரில் பிள்ளைக்குத் தாகம் தெரியாது. ஆனால் சிறுநீர் அடிக்கடி வரும். அதனால் கால்சட்டையில் ஜிப்பு, பக்கிள் வேண்டாம். இடுப்பில் எலாஸ்டிக் போதும். அதுவே இறக்கி ஏற்றிக்கொள்ளும். மாற்றுத் துணி ஒரு செட் பையில் இருக்கட்டும். துணியை நனைத்துவிட்டது என்று திட்டாதீர்கள். 3 வயதில் அது குற்றமே இல்லை.

ஒரே கனமான கோட்டுக்குப் பதிலாக இரண்டு மூன்று மெல்லிய உடுப்பாகப் போடுங்கள். 11 மணிக்கு வெயில் வந்தால் ஒன்றைக் கழற்றலாம். ஸ்வெட்டரில் பெயர் தைத்துவிடுங்கள். ஒரே கடையில் வாங்கிய 20 ஸ்வெட்டரில் உங்கள் பிள்ளையுடையது எது என்று டீச்சருக்கு எப்படித் தெரியும்? தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் நல்லது.

முதல் வருடம் சளி, இருமல் அடிக்கடி வரும். பல வீட்டுப் பிள்ளைகள் கூடுகிற இடம் அல்லவா? காய்ச்சல் என்றால் மாத்திரை கொடுத்து அனுப்பாதீர்கள். ஒரு நாள் லீவு போட்டால் ஐ.ஏ.எஸ். போய்விடாது.

மூடுபனி இறங்கும் நேரத்திலும், காட்டெருமை ரோட்டுக்கு வந்து நிற்கும் பகுதியிலும், பிள்ளையைப் பெரியவர் கையில்தான் ஒப்படைக்க வேண்டும். “அக்கா கூட்டிட்டு வந்துடுவா” என்று 7 வயதுப் பெண்ணை நம்பி 4 வயதுப் பிள்ளையை விடாதீர்கள்.

*இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க*

அழுகைக்கும் மண்ணுக்கும் கவலைப்பட வேண்டாம். ஆனால் கவலைப்பட வேண்டிய விஷயங்கள் வேறு.

2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில் பள்ளிக் கூரை தீப்பிடித்து 94 பிள்ளைகள் கருகிச் செத்தன. 2012 ஜூலையில் சென்னை அருகே பள்ளிப் பஸ்ஸின் ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி சக்கரத்தில் சிக்கி இறந்தாள். 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் எல்.கே.ஜி. படித்த சிறுமி பள்ளிக் கழிவுநீர்த் தொட்டியில் விழுந்து உயிர்விட்டாள்.



ஆகவே பணம் கட்டுவதற்கு முன் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். வெளியே போக எத்தனை வழி? தொட்டிக்கும் கிணற்றுக்கும் உறுதியான மூடி உண்டா? வாசல் கேட் பூட்டியிருக்கிறதா? சமையல் அடுப்பு பிள்ளைகளுக்கு எட்டாத தூரத்தில் உள்ளதா? கக்கூஸில் தண்ணீர் வருகிறதா, பிள்ளையோடு யார் போகிறார்கள்? வேனில் எத்தனை பேரை அடைக்கிறார்கள், இறக்கிவிட ஆயா உண்டா? உங்களைத் தவிர வேறு யார் வந்து கூப்பிட்டாலும் பிள்ளையை அனுப்பிவிடுவார்களா?

கேட்டால் முகம் சுளிக்கிற பள்ளி வேண்டாம். நல்ல டீச்சர் தானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்.

அடி கூடவே கூடாது. 6 முதல் 14 வயதுப் பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகப் பேசுவதையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது. 6 வயதுப் பிள்ளைக்கே அடி ஆகாது என்றால் 3 வயதுப் பிஞ்சுக்கு ஆகுமா? நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று பள்ளி பேரைக் கேட்டாலே நடுங்கினால், ராத்திரி அலறினால், உடம்பில் தழும்பு தெரிந்தால் “அழுகைதானே” என்று விட்டுவிடாதீர்கள். மடியில் உட்கார வைத்து மெதுவாகக் கேளுங்கள். உதவிக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது.

*சாயங்காலம் என்ன கேட்கலாம்?*

“என்ன படிச்சே?” என்ற கேள்விக்கு 3 வயதுப் பிள்ளையிடம் பதில் இல்லை. “இன்னிக்கு யார் பக்கத்திலே உட்கார்ந்தே? என்ன பாட்டு? யார் அழுதா? எதுக்குச் சிரிச்சே?” என்று கேட்டுப் பாருங்கள். கொட்டித் தீர்த்துவிடும்.

வந்ததும் ஏதாவது சாப்பிடக் கொடுங்கள். பள்ளியில் சமர்த்தாக இருந்த பிள்ளை வீட்டு வாசலில் அடம் பிடிக்கும். நாளெல்லாம் அடக்கி வைத்த களைப்பு அது. கடையிலே வியாபாரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு நீங்களும் வீட்டிலேதானே எரிந்து விழுகிறீர்கள்?

செல்போனைக் கையில் கொடுத்துச் சமாளிக்க வேண்டாம். இந்த வயதில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை பார்க்கக் கூடாது. பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. 8 மணிக்குப் படுக்கப் போட்டால்தான் காலையில் இழுபறி இருக்காது.

வருடக் கடைசியில் உங்கள் பிள்ளை தானாகச் சாப்பிட்டு, தானாகக் கை கழுவி, தன் செருப்பைத் தானே மாட்டிக்கொண்டு, நாலு பாட்டுப் பாடி, “நீ முதல்லே, அப்புறம் நான்” என்று பக்கத்துப் பிள்ளைக்கு ஊஞ்சலை விட்டுக்கொடுக்கிறதா? நீங்கள் கட்டிய பணம் வீண்போகவில்லை.

ஏ, பி, சி, டி எங்கும் ஓடிப் போகாது. அதற்கு இன்னும் நிறைய வருஷம் இருக்கிறது!